புத்தகம் இருக்கு, கண்ணுல படத்தான் மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தமிழ்ல அறிவியல் புத்தகம், இயற்கை பத்தின புத்தகம் எல்லாம் எழுத ஆளே இல்லன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் இந்த லெட்டர். நான் எழுத்தாளர் எல்லாம் கிடையாதுங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்துல ஒரு நடுநிலைப்பள்ளியில சத்துணவு அமைப்பாளர், இருபத்திரெண்டு வருஷமா அரிசி பருப்பு முட்டைக் கணக்கு எழுதுறதுதான் என் எழுத்து. புள்ளைங்க சத்துணவு டீச்சர்னு கூப்பிடும். தப்பு இருந்தா திருத்திக்கோங்க, நீளமா இருக்குன்னு பாதிய மட்டும் வெட்டிடாதீங்க.

ஆள் இல்லன்னு சொன்னது சரியில்லைங்க. ஆள் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. அவங்க எழுதினது எங்கள மாதிரி ஆளுங்க கண்ணுல படாமலே போயிடுது, பிரச்சனை அங்கதான். ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா எனக்கு நடந்த ஒரு விஷயத்த சொல்றேன் கேளுங்க.

மூணு வருஷம் முன்னாடி மே லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தப்போ எங்க ஸ்டோர் ரூம் ஜன்னல் கட்டையில குளவி கூடு கட்டி வச்சிருந்துச்சு. வீட்டு மூலையில அப்பி வச்ச மாதிரி மண்ணு கட்டுமே அந்தக் கூடு இல்ல, இது சுண்டைக்காயவிடக் கொஞ்சம் பெரிசா, வாய் விரிஞ்ச குட்டிக் குடம் மாதிரி, குயவர் சக்கரத்துல வச்சு சுத்தின கணக்கா அவ்வளவு அழகு, மொத்தம் நாலு. ஒரு பையன் குச்சிய வச்சு நோண்டி ஒண்ண ஒடைச்சுட்டான். உள்ள பார்த்தா பச்சைப்புழு, எட்டு இருந்துச்சு, எண்ணினோம். செத்த மாதிரி கிடக்கு, ஆனா காஞ்சு போகல, நாத்தமும் இல்ல, ஈர்க்குச்சியால தொட்டா லேசா ஒடம்பு அசையுது. எங்க சமையல் அக்கா எட்டிப் பார்த்துட்டு "இதுகூடத் தெரியாதா, குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு பழமொழியே இருக்கே, கொட்டிக் கொட்டி வச்சிருக்கு, இதெல்லாம் இனி குளவியாயிரும்"னுச்சு. நானும் சின்ன வயசுல இருந்து அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், எங்க ஊருக்கு வர்ற பெரியவங்க குரு சிஷ்யன் கதைக்குக் கூட இதத்தான் உதாரணமா சொல்லுவாங்க, நல்லவங்களோட சேர்ந்தா நீயும் நல்லவனாயிருவன்னு.

அப்போ ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு பாருங்க, "அப்படின்னா எட்டுப் புழுவுக்கு எட்டு குளவி வருமா டீச்சர்?"

எனக்கு பதில் தெரியல. அக்காவுக்கும் தெரியல. மிச்சம் இருந்ததுல ஒரு குடத்த கட்டையோட பேத்து எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வாயில கொசுவலைத் துணியக் கட்டி முட்டை டிரே அடுக்குற செல்ஃப் மேல வச்சோம். தினமும் சாப்பாட்டு மணி அடிச்ச உடனே தட்டத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வந்து பாட்டிலப் பார்த்துட்டுப் போகும். இருபது நாள் கிட்ட ஆயிருக்கும், ஒரு திங்கக்கிழமை வந்து பார்த்தா குடத்துல ஓட்டை, பாட்டிலுக்குள்ள ஒரே ஒரு குளவி. எட்டு இல்ல, ஒண்ணு. உள்ள ஒடைச்சுப் பார்த்தா ஒரு புழுவும் இல்ல, கொஞ்சம் கருப்புத் தூசியும் காஞ்ச தோலும்தான்.

இது ஏன்னு தேடித்தான் எங்க கிளை நூலகத்துக்குப் போனேன். அங்க போட்டித் தேர்வு புத்தகம் மூணு ரேக் இருக்கு, சமையல் ஜோசியம் கைவைத்தியம் ஒரு ரேக் இருக்கு, அறிவியல்னு கேட்டா மூலையில ஒரு பீரோவக் காட்டுனாங்க, சாவி வேற எங்கயோ இருக்கு நாளைக்கு வாங்கன்னாங்க. மூணு தடவ அலைஞ்சேன். கடைசியில தொறந்தப்போ அட்டை இல்லாத ஒரு பழைய புத்தகம் கெடச்சுது, முன்னாடி பின்னாடி பக்கம் எல்லாம் போயிடுச்சு, பேரும் இல்ல எழுதுனவர் பேரும் இல்ல. ஆனா அதுல என் குளவி இருந்துச்சுங்க! படத்தோட இருந்துச்சு.

அதுல சொல்லியிருந்தது இதுதான். குளவி மண்ணுல குடம் கட்டி முடிச்ச உடனே முதல்ல ஒரே ஒரு முட்டைய வைக்கும், தரையில வைக்காது, கூரையில இருந்து நூல் மாதிரி ஒண்ணுல தொங்க விடும். அப்புறம்தான் புழுவப் புடிச்சு கொட்டிக் கொண்டு வந்து உள்ள அடைக்கும். கொட்டுனா புழு சாகாது, மரத்துப் போயிடும் அவ்வளவுதான், செத்துப் போனா அழுகிடுமே, குட்டிக்கு ஃப்ரெஷ்ஷா சாப்பாடு வேணும்ல. ஆனா மரத்த புழுவும் லேசா நெளியும், முட்டை கீழ கிடந்தா நசுங்கிடும், அதனாலதான் தொங்க விடுறது. முட்டையில இருந்து வர்ற குட்டிப்புழு ஒவ்வொரு பச்சைப்புழுவா தின்னு வளர்ந்து கூண்டுப்புழுவாகி குளவியா வெளிய வரும். ஆக எட்டும் எட்டா மாறல, எட்டையும் தின்னு ஒண்ணு வந்துச்சு.

பழமொழி சொன்ன நம்ம ஆளுங்கள நான் குறை சொல்ல மாட்டேன். புழு உள்ள போறதப் பார்த்திருக்காங்க, குளவி வெளிய வர்றதப் பார்த்திருக்காங்க, அவ்வளவு உத்துப் பார்க்குறதே பெரிய விஷயம், நடுவுல இருந்த அந்த ஒத்த முட்டைதான் கண்ணுல படல. இத எல்லாம் கண்டுபிடிச்சவர் ஃபிரான்ஸ் நாட்டுல ழான் ஆன்ரி ஃபாபர்னு ஒருத்தராம், 1823ல பிறந்து 1915ல இறந்தவர். அவரும் ஸ்கூல் வாத்தியார், சம்பளம் பத்தாம கஷ்டப்பட்டவர், தன்னோட தோட்டத்துல இருந்த குளவி வண்டு சிலந்திய வச்சே 1879ல இருந்து 1907 வரைக்கும் பத்து வால்யூம் எழுதியிருக்கார். டார்வினே தன் புத்தகத்துல இவரப் பாராட்டியிருக்கார், ஆனா இவரு கடைசி வரைக்கும் டார்வின் சொன்ன பரிணாமத்த ஒத்துக்கல, அது தனிக் கதை. ஸ்டோர் ரூம்ல ஹார்லிக்ஸ் பாட்டில வச்சுக்கிட்டு நாங்க பண்ணது கிட்டத்தட்ட அவரு பண்ணதுதான்னு தெரிஞ்சப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அதுல இருந்து எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சிருச்சு. தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது உங்க கட்டுரை சொல்ற மாதிரி இல்ல நிலைமை. பெ.நா.அப்புசாமின்னு ஒருத்தர், எங்க தெக்கத்திச் சீமைக்காரர்தான், 1891ல பிறந்தவர், வக்கீல், 1986ல சாகுற வரைக்கும் எத்தனையோ வருஷம் தமிழ்ல அறிவியல் எழுதிக்கிட்டே இருந்திருக்கார். இங்க எத்தனை பேருக்கு அவரு பேரு தெரியும்? கோயமுத்தூர்ல இருந்து 1948லயே கலைக்கதிர்னு ஒரு பத்திரிகை அறிவியலுக்குன்னே ஆரம்பிச்சிருக்காங்க. பெரியசாமித் தூரன் ஆசிரியரா இருந்து பத்து வால்யூம் கலைக்களஞ்சியம், முதல் வால்யூம் 1954ல வந்தது, அப்புறம் குழந்தைகளுக்குன்னு தனியா இன்னொரு களஞ்சியம், இதெல்லாம் இப்ப ஸ்கேன் பண்ணி தமிழ் இணையக் கல்விக்கழகத்துல சும்மாவே கிடைக்குது, என் ஃபோன்லயே இருக்கு. சுஜாதா ஜூனியர் விகடன்ல எழுதுன ஏன் எதற்கு எப்படி எல்லாருக்கும் தெரியும், அவரு கம்ப்யூட்டர் கதை மட்டும் எழுதல, மூளையப் பத்தி தலைமைச் செயலகம்னு தனிப் புத்தகமே எழுதியிருக்கார். பாண்டிச்சேரி அரசுல பெரிய அதிகாரியா இருந்த பி.எல்.சாமி சங்கப் பாட்டுல வர்ற செடி கொடி எது, பறவை எதுன்னு ஒவ்வொண்ணா அடையாளம் கண்டு எழுதியிருக்கார். தபால் துறையில தலைமைப் பொறுப்புல இருந்தவர் தியடோர் பாஸ்கரன், காட்டுயிர் பத்தி அவரு எழுதுற தமிழப் படிச்சா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும். இவங்க பொழப்பப் பாருங்க, வக்கீல், இன்ஜினியர், கலெக்டர் மாதிரி உத்தியோகம், போஸ்ட் ஆபீஸ். எல்லாம் வேற வேலை பார்த்துக்கிட்டே எழுதுனவங்க. கட்டுரையில பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்னு முடிச்சிருந்தீங்க, வரட்டும் நல்லதுதான், ஆனா இதுவரைக்கும் அவங்க வர்றதுக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்கல.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சவர் மா.கிருஷ்ணன். திருநெல்வேலியில 1912ல பிறந்தவர், பத்மாவதி சரித்திரம் எழுதுன மாதவையாவோட மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல 1950ல ஒரு பத்தி ஆரம்பிச்சு 1996 பிப்ரவரியில சாகுற வரைக்கும் 46 வருஷம் விடாம இங்கிலீஷ்ல எழுதியிருக்கார். அவரு தமிழ்ல எழுதுனத மழைக்காலமும் குயிலோசையும்னு தியடோர் பாஸ்கரன்தான் தொகுத்துப் போட்டிருக்கார். இதுல எனக்கு என்ன ஆதங்கம்னா, கல்கத்தாவுல உள்ள ஒரு பேப்பர் நம்ம ஊர்க்காரருக்கு 46 வருஷம் எடம் குடுத்திருக்கு. தமிழ்ப் பேப்பருங்க ராசிபலனுக்கு தினமும் எவ்வளவு எடம் குடுக்குதுன்னு நீங்களே ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க.

மொழிபெயர்ப்பு பத்தியும் சொல்லணும். எங்க அப்பா சிவகாசியில தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவர், எட்டாங்கிளாஸ் படிப்பு. நியூ செஞ்சுரி பதிப்பகத்துக்காரங்க வேன்ல புத்தகம் கொண்டு வருவாங்க, ரஷ்யாவுல அச்சடிச்ச தமிழ்ப் புத்தகம், கெட்டி அட்டை, வழவழ பேப்பர், விலை சினிமா டிக்கெட் காசுதான். அதுல யாக்கோவ் பெரல்மான் எழுதுன பொழுதுபோக்கு பௌதிகம் அப்பா வாங்கி வச்சிருந்தார். அதுல ஒரு கதை வரும், முதல் உலகப்போர்ல ஒரு பிரெஞ்சு விமானி ரெண்டு கிலோமீட்டர் ஒசரத்துல பறக்குறப்போ மூஞ்சிகிட்ட ஏதோ பூச்சி மாதிரி அசையுதேன்னு கையில புடிச்சுப் பார்த்தா அது ஜெர்மன்காரன் சுட்ட துப்பாக்கி குண்டு! காத்து தடுக்குறதால குண்டோட வேகம் கொறஞ்சுகிட்டே வரும், பிளேனும் அதே வேகத்துல அதே திசையில போச்சுன்னா அவருக்கு அது நின்ன மாதிரிதான் தெரியும். பக்கத்துல பக்கத்துல ஒரே வேகத்துல போற ரெண்டு பஸ்ஸுல ஜன்னலோரம் இருக்கவங்க கைய நீட்டி முறுக்கு வாங்கிக்கலாம்ல, அதே கணக்குதான்னு அப்பா எனக்கு சொன்னார். முறுக்கு உதாரணம் பெரல்மான் எழுதினது இல்ல, அப்பாவோடது. அந்தப் பெரல்மான் 1942ல லெனின்கிராட் முற்றுகையில பசியில செத்துப் போனாராம், அது எனக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரியும். 1991ல சோவியத் ஒடைஞ்சுது, அந்த விலைக்கு அந்த மாதிரி புத்தகம் வர்றதும் நின்னுச்சு.

இப்ப வர்ற மொழிபெயர்ப்புல நல்லதும் இருக்கு, ஆனா சிலதத் தொறந்தா "இவ்வகைப் பூச்சிகளால் இவை உண்ணப்படுகின்றனவாக அறியப்படுகின்றது"ன்னு எழுதி வச்சிருக்காங்க. பூச்சி இதத் தின்னுதுன்னு எழுதுனா என்னங்க கொறைஞ்சு போயிடும்? தமிழ் தெரியாம இப்படி எழுதுறாங்கன்னு நான் நெனக்கல, அறிவியல்னா வெறப்பா இருக்கணும்னு ஒரு நெனப்பு. போன வருஷம் ஒரு தொண்டு அமைப்பு எங்க பள்ளிக்கு ஒரு பெட்டி புத்தகம் குடுத்தாங்க, கலர் படம் எல்லாம் அருமை, ஆனா உள்ள ஃபுல்லா ஓக் மரம், ராபின் குருவி, பனியில தூங்குற கரடி. எங்க பள்ளிக்கூட வாசல்ல புங்கமரம் இருக்கு, வேம்பு இருக்கு, அதுல செம்போத்து வந்து உக்காருது, மலையில சாம்பல் அணில் இருக்கு, உலகத்துல நம்ம பக்கத்து மலையிலயும் இலங்கையிலயும்தான் அது இருக்கு, அதுக்குன்னே 1988ல சரணாலயம் அறிவிச்சாங்க. பனிக்கரடி பத்தி நாலு வரி கடகடன்னு சொல்ற புள்ளைக்கு தன் ஊர் அணிலப் பத்தி சொல்ல ஒரு வரி இல்ல. வெளிநாட்டு மிருகம் வேணாம்னு சொல்லல, பெங்குயின் யாருக்குத்தான் புடிக்காது, அதோட சேத்து இதுவும் ஒண்ணு வேணும்னுதான் கேக்குறேன்.

இப்ப உங்க பேப்பருக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து எட்டு சீட்டாவ பிளேன்ல கொண்டு வந்து மத்தியப் பிரதேசம் குனோவுல விட்டப்போ முதல் பக்கத்துல "இந்தியா வந்தன 8 சிறுத்தைகள்"னு கொட்டை எழுத்துல போட்டீங்க. அந்தப் பேப்பர சத்துணவுக் கூடத்துல விரிச்சு வச்சிருந்தேன், ஒரு பையன் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு கேட்டான், "நம்ம மலையிலதான் சிறுத்தை இருக்கே டீச்சர், மாசத்துக்கு ஒரு ஆட்டத் தூக்கிட்டுப் போகுது, அத எதுக்கு பிளேன்ல வேற கொண்டாராங்க?" நியாயமான கேள்விதானே? எங்க மலை 2021ல இருந்து புலிகள் காப்பகம், இங்க சிறுத்தை உண்டு, மரம் ஏறும், ராத்திரியில வரும், மேல இருக்குற புள்ளி பூ மாதிரி வட்டம் வட்டமா இருக்கும். குனோவுக்கு வந்தது வேற ஜென்மம், ஒல்லி ஒடம்பு, கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கண்ணீர் வழிஞ்ச மாதிரி கருப்புக் கோடு, புள்ளி எல்லாம் மை தொட்டு வச்ச மாதிரி தனித்தனியா இருக்கும், பகல்ல ஓடி வேட்டையாடும். அதுக்கு தமிழ்ல சிவிங்கிப்புலின்னு பேர் இருக்கு. புதுசா கண்டுபிடிச்ச பேர் இல்ல, ஒட்டகச்சிவிங்கின்னு சொல்றோமே அதுல வர்ற சிவிங்கி இதுதான், ஒட்டகம் மாதிரி ஒசரம், சிவிங்கி மாதிரி புள்ளி. புள்ளைங்ககிட்ட இதச் சொன்னப்போ "அய்யோ ஆமா டீச்சர்"னு கத்துச்சுங்க பாருங்க, அந்த சந்தோஷத்துக்கு ஒரு புத்தகம் போதும். இந்தியாவுல இருந்த கடைசி சிவிங்கிகள ஒரு ராஜா வேட்டையில சுட்டு, 1952ல அரசாங்கமே இனி இல்லன்னு அறிவிச்சுது. அது திரும்ப வந்தது அவ்வளவு பெரிய செய்தி, அதோட பேரையே தப்பா போட்டா எப்படி? இப்பவும் குனோவுல குட்டி போட்டாலும் செத்தாலும் சிறுத்தைன்னுதான் போடுறீங்க. அதே மாதிரி ஒளியாண்டு, அது தூரம்ங்க, கிட்டத்தட்ட 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், "பல ஒளியாண்டுகளுக்கு முன்பு"ன்னு எழுதாதீங்க, பத்தாங்கிளாஸ் பையன் சிரிக்கிறான்.

நூலகத்தப் பத்தியும் ஒண்ணு. வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா இருக்கும், ரூபாய்க்கு 10 காசு. 1948ல போட்ட சட்டம் அது, சுதந்திரம் வந்த உடனே நம்ம மாநிலத்துலதான் முதல்ல போட்டாங்க. அப்போ இந்த புத்தகம் எல்லாம் நாம காசு குடுத்து வாங்குனதுதான், பீரோவுல பூட்டி வைக்க இல்ல. சென்னையில அண்ணா நூலகம் மதுரையில கலைஞர் நூலகம்னு ஏழு எட்டு மாடியில இருக்கு, போயிருக்கேன், மதுரையில குழந்தைங்க பகுதியப் பார்த்துட்டு வெளிய வர மனசே இல்ல. ஆனா எங்க ஊர்ல இருந்து மதுரைக்குப் போக பஸ்ஸே ரெண்டு மணி நேரத்துக்கு மேல, சாயங்காலம் சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரத்துல இருக்குற கிளை நூலகத்துல துளிர் மாதிரி புள்ளைங்களுக்கான ஒரு அறிவியல் பத்திரிகை, பறவை பாம்பு பூச்சி பத்தி பத்துப் புத்தகம், தொறந்த ரேக்குல இருந்தாப் போதும்.

உங்ககிட்ட கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு ஒரு நாள், இருநூறு வார்த்தை. ஒரே ஒரு புத்தகம், அறிவியலோ இயற்கையோ, புதுசோ பழசோ, அதுல என்ன இருக்கு, என்ன வயசுப் புள்ளைக்கு ஆகும், எங்க கிடைக்கும், விலை என்ன. தமிழ் நடை வெறப்பா இருந்தா அதையும் தைரியமா எழுதுங்க. விமர்சனம்னு பெரிய ஆளுங்கதான் எழுதணும்னு இல்ல, வாசகர்கிட்ட கேளுங்க, எழுதித் தர நாங்க இருக்கோம், நானே முதல் மாசத்துக்கு நாலு எழுதித் தர்றேன், காசு கூட வேணாம்.

இன்னொண்ணு, அந்த அட்டை இல்லாத புத்தகம். அது என்ன புத்தகம்னு இன்னும் எனக்குத் தெரியல. பதினேழாம் பக்கத்துல ஆரம்பிச்சு நூத்தி நாப்பத்திரெண்டோட நிக்குது, குளவி குடம் கட்டுற கோட்டுப் படம் அறுபத்தி ஒண்ணாம் பக்கத்துல இருக்கு, அதுக்கு அடுத்த பாடம் சாணி உருட்டுற வண்டு, ஊதா கலர் நூலக முத்திரை பாதி அழிஞ்சு இருக்கு. உங்க வாசகர்ல யாருக்காவது இத எழுதுனது யாருன்னு தெரிஞ்சா பேப்பர்ல ஒரு வரி போடச் சொல்லுங்க. எட்டு குளவி வருமான்னு கேட்ட அந்தப் பொண்ணு இப்போ ஒம்போதாங்கிளாஸ், டவுன்ல படிக்குது, போன வாரம் பஸ் ஸ்டாப்புல பார்த்தப்போ கூட "பேரு கெடச்சுதா டீச்சர்"னு கேட்டுச்சு.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு டீச்சர்,
ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.